ஓட்டு எண்ணியவள்

ஜூன் 12, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே வயிற்றெரிச்சல். ப்ளஸ் ஒன் கால அட்டவணையில் விளையாட்டுக்கு இருந்த இரண்டு பீரியடையும் காணோம். அந்தக் கட்டங்களில் ‘நற்குணமும் தலைமைப் பண்பும்’ என்று அச்சடித்து, பக்கத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்: பேச்சியம்மாள், பி.டி.

தலைமையாசிரியை இமெல்டா மேடத்திடம் போனேன். “மேடம், நான் விசில் ஊதுறவ. குணமெல்லாம் எனக்கு நடத்தத் தெரியாது.”

“சென்னையிலேர்ந்து புக்கு வந்திருக்கு டீச்சர். அதுல உள்ளத வாசிச்சாப் போதும். தாளாளர் ஆசைப்படுதாரு.”

தாளாளர் ஆசைப்பட்டால் கோவில்பட்டிக்கு மழைகூட வந்தாக வேண்டும்.

அந்த வகுப்பில் மட்டும் மாவட்ட அளவில் ஹாக்கி ஆடிய பிள்ளைகள் ஏழு பேர். மட்டைகளைத் துடைத்துக் கட்டி அறையில் வைத்துப் பூட்டினேன். பூட்டும்போது யாரையாவது அடிக்கலாம் போல இருந்தது.

புத்தகத்தோடு ஆசிரியருக்கும் ஒரு நாட்குறிப்பு தந்திருக்கிறார்கள். ‘இன்று என் மாணவியிடம் நான் கண்ட மலர்ச்சி’ என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு. மாதம் ஒருமுறை மேடம் வாங்கிப் பார்ப்பார். மலர்ச்சியை அதில் எழுதிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் இந்தப் பழைய ஸ்கோர் நோட்டில். பாதிப் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது.

ஜூன் 16, வெள்ளி

முதல் வகுப்பு. பாடம் ஒன்று, நேர்மை. ஒரு பையன் ரோட்டில் கிடந்த பர்ஸை எடுத்துப் போலீஸ்காரரிடம் கொடுக்கிற படம். வாசித்தேன். நாற்பது பிள்ளைகளும் கொட்டாவி விட்டார்கள். நானும் விட்டிருப்பேன்.

தங்கமாரி எழுந்தாள். ஹாக்கியில் நடுக்களம் ஆடுகிறவள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை பார்க்கிறாள்.

“மிஸ், கீழ கெடந்தத குடுக்குறது நேர்மைன்னா, நம்மகிட்ட இருந்து எடுத்தத திருப்பிக் கேக்குறது என்னது?”

“யார் எதட்டி எடுத்தா?”

“எங்க கேம்ஸ் பீரியடு மிஸ்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. “உக்காருட்டி” என்று அதட்டினேன். முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு நானும் சிரித்தேன்.

ஜூன் 17, சனி

ஒன்பது நாள் கழித்துக் குழாயில் தண்ணீர். பதினான்கு குடம். இடுப்பு போயிற்று. வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் ஓவர்டைம். எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள் சுபத்ரா ஒரு குடம் தூக்கிவிட்டு, தலைமைப் பண்பு காட்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 23, வெள்ளி

பாடம் மூன்று, தோல்வியை ஏற்றல். புத்தகத்தை மூடி வைத்தேன். இதை எனக்கு எவனும் எழுதித் தர வேண்டாம். பல்கலைக்கழக அணியில் ஆடியபோது அரையிறுதியில் தோற்ற கதையைச் சொன்னேன். தோற்றதும் வரிசையில் நின்று எதிரணிக்குக் கை கொடுத்தது, பிறகு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஊர் வரும்வரை அழுதது. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

“ரெஃப்ரி கள்ளத்தனம் பண்ணித் தோத்திருந்தா மிஸ்?” தங்கமாரிதான்.

“அப்பவும் மொதல்ல கை குடுக்கணும். ஆட்டத்துக்கு ஒரு மரியாதை இருக்கு. அதுக்கப்புறம் உக்காந்து முறையாப் புகார் எழுதணும். கத்தக் கூடாது, அழக் கூடாது. எழுதணும்.”

நன்றாகத்தான் சொன்னேன். எனக்கே பிடித்திருந்தது.

ஜூன் 30, வெள்ளி

அடுத்த பாடம் ஜனநாயகத் தலைமை. அதற்காகப் பள்ளி முழுவதற்கும் மாணவத் தலைவி தேர்தல் நடத்த வேண்டுமாம். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாரும் ஓட்டுப் போட வேண்டும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். தேர்தல் அலுவலர் யாரென்று கேட்கவும் வேண்டுமா.

நிற்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தங்கமாரி. இன்னொருத்தி அக்ஷிதா. அவளுடைய அப்பா பள்ளியின் அறக்கட்டளையில் உறுப்பினர். தங்கமாரியின் அம்மா வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸும் அவருடையதுதான். அக்ஷிதா நல்ல பிள்ளை, அதையும் சொல்லியாக வேண்டும். யாரிடமும் முகம் சுளிக்க மாட்டாள்.

ஜூலை 5, புதன்

பிரசாரப் பேச்சு. அக்ஷிதா இங்கிலீஷில் மனப்பாடமாகப் பேசினாள். நடுவில் ஒரு வரி மறந்து, சிரித்துச் சமாளித்தாள். பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

தங்கமாரி பேப்பர் எதுவும் கொண்டுவரவில்லை. “மத்தியானச் சாப்பாட்டு நேரம் இருபது நிமிசம். கை கழுவுற குழாயி ரெண்டு. கடைசி ஆளு கை கழுவிட்டு வர்றதுக்குள்ள பெல் அடிச்சிரும். நீங்க ஆறாப்பு, ஏழாப்பு, பாதிச் சோத்த மூடி வைக்கீங்க. நான் பாத்திருக்கேன். அத நான் கேப்பேன். கெடைக்குமான்னு தெரியாது. ஆனா கேப்பேன்.”

சின்ன வகுப்புகள் பக்கமிருந்து வந்த சத்தத்தில் மரத்துக் காக்காயெல்லாம் பறந்துவிட்டது.

பதினோரு வருடமாக அந்தக் குழாய்களைத் தாண்டித்தான் ஸ்டாஃப் ரூமுக்குப் போகிறேன்.

ஜூலை 7, வெள்ளி

ஓட்டுப்பதிவு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரலில் ஸ்கெட்ச் பேனாவால் ஊதா மை வைத்தேன். மை அழியக் கூடாது என்று மத்தியானம் ஸ்பூனால் சாப்பிட்டார்களாம். மறைப்புக்குள் போய் நின்றுகொண்டு ஒருத்தி அஞ்சு நிமிடம் யோசித்தாள். இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

நாலரை மணிக்குத் தாளாளர் அறையில் எண்ணினோம். நான், இமெல்டா மேடம், தாளாளர். எண்ணி முடித்தாயிற்று. அறிவிப்பு திங்கள் காலை.

எண்ணி முடித்ததும் தாளாளர் வேறு விஷயம் பேசினார். அக்ஷிதாவின் அப்பா பைபாஸ் பக்கம் இருக்கிற நிலத்தைப் பள்ளிக்கு ஹாக்கி மைதானமாகத் தருகிறாராம். “வேலி போட்டு, செம்மண் அடிச்சு, ஒரு டோர்னமென்ட்டே நடத்துங்க டீச்சர். அந்த மனுசன் மனசு கோணாமப் பாத்துக்கிட்டாப் போதும்.” அப்புறம், சுபத்ரா எப்படிப் படிக்கிறாள் என்று விசாரித்தார். ஊழியர் பிள்ளை என்று அவளை இந்தப் பள்ளியில் சும்மா படிக்க விட்டிருக்கிறார்கள். இதுவரை ஒருநாளும் அவளைப் பற்றி அவர் கேட்டதில்லை.

டீ வந்தது. ஏலக்காய் போட்ட டீ. வாயில் வைக்க விளங்கவில்லை.

வரும் வழியில் தக்காளி வாங்கினேன். பாதி அழுகல். திரும்பிப் போய்க் கடைக்காரனிடம் சண்டை போட்டேன். தராசை ஏமாற்றுகிறவன், கண்ணெதிரே நல்லதைக் காட்டிவிட்டுக் கெட்டதை அள்ளிப் போடுகிறவன் உருப்படவே மாட்டான் என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பாவம், வேறு தக்காளி தருகிறேன் என்றுதான் அவன் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜூலை 8, சனி

பள்ளிக்குப் போய் மேடம் சொன்னபடி வேண்டாத காகிதங்களைப் பின்பக்கம் போட்டு எரித்துவிட்டு வந்தேன். கண்ணில் புகை. நாள் முழுக்க எரிச்சல்.

ஜூலை 10, திங்கள்

காலை வழிபாட்டில் முடிவை அறிவித்தேன். மைக் வேலை செய்யவில்லை. என் தொண்டைக்கு மைக் எதற்கு. அக்ஷிதா இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. தங்கமாரி நூற்று இருபத்தொன்று.

வரிசை வரிசையாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒரே ஒரு ஆள் கை தட்டுகிற சத்தம் கேட்டது. தங்கமாரி. தட்டிக்கொண்டே வரிசையை விட்டு வெளியே வந்து, மேடை ஏறி, அக்ஷிதாவுக்குக் கை கொடுத்தாள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் தட்டினார்கள்.

மலர்ச்சி நாட்குறிப்பில் எழுதினேன்: “மாணவி தங்கமாரி தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டாள்.” மேடம் அதன் பக்கத்தில் சிவப்பு மையால் ‘அருமை’ என்று எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் சுபத்ரா பாலைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே நின்றாள். “எம்மா, எங்க கிளாஸ்ல முப்பத்தெட்டுப் பேரும் தங்கமாரி அக்காவுக்குத்தான் போட்டோம். ஏழாப்பும் எல்லாரும் அவளுக்குத்தானாம். ஒம்பதாப்புலயும் பாதிக்கு மேல. அப்பறம் எப்படிம்மா நூத்தி இருபத்தொண்ணு?”

“பாலக் குடி.”

“நீதானம்மா எண்ணுன?”

அறைந்துவிட்டேன். பாலை ஆற வைத்ததற்குத்தான். ஆடை படிந்த பாலை மனுஷி எத்தனை தடவை சூடு பண்ணுவாள்.

ஜூலை 12, புதன்

வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “புள்ள சொல்லுதது நெசமா?” என்று கேட்டார்.

“உங்க டிப்போவுல வண்டி ஓடுதான்னு பாருங்க. என் பள்ளிக்கூடத்த நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூலை 14, வெள்ளி

தங்கமாரி ஒரு காரியம் செய்திருக்கிறாள். நாலு நாளாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு வகுப்பாகப் போய், “யாருக்குப் போட்டீங்க? விருப்பம் இருந்தாச் சொல்லுங்க” என்று கேட்டுக் கோடு போட்டிருக்கிறாள். அவளுக்குப் போட்டோம் என்று சொன்னவர்கள் மட்டும் இருநூற்று அறுபத்து மூன்று. இன்னும் இரண்டு வகுப்பு கேட்க வேண்டுமாம்.

என் பீரியடில் எழுந்து வந்து ஒரு தாளை நீட்டினாள். ‘அனுப்புநர், பெறுநர், பொருள்’ எல்லாம் போட்டு ஒழுங்காக எழுதியிருந்தாள். பெறுநர்: தேர்தல் அலுவலர்.

“நீங்க சொன்னபடி மொதல்ல கை குடுத்துட்டேன் மிஸ். இது புகார்.”

நாற்பது பிள்ளைகளும் என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “என்னட்டி திமிரு! தோத்துட்டா ஒத்துக்கிடத் தெரியணும். ஊரெல்லாம் போய்ப் பிச்ச எடுத்துட்டு வந்து கணக்குக் காட்டுதியா?” என்று கத்தினேன். பக்கத்து வகுப்பிலிருந்து கெமிஸ்ட்ரி டீச்சர் எட்டிப் பார்த்தார்.

அவள் தாளை மேசைமேல் வைத்து, பறக்காமல் டஸ்டரை அதன்மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

தாளை மேடத்திடம் கொடுத்துவிட்டேன். கொடுப்பதுதான் முறை. பள்ளிக்கு வருகிற கடிதத்தை நான் வீட்டுக்கா கொண்டுபோக முடியும்?

ஜூலை 17, திங்கள்

தாளாளர் அந்தத் தாளைக் கசக்கி, மறுபடி நீவி வைத்திருந்தார். “தலைமைப் பண்பு சொல்லிக் குடுங்கன்னா, தொழிற்சங்கம் நடத்தச் சொல்லிக் குடுத்திருக்கீங்க.”

மத்தியானம் மட்டை அறைக்கு அக்ஷிதா வந்தாள். சட்டையில் தலைவி பேட்ஜ் குத்தியிருந்தாள். அதைக் கையால் மூடிக்கொண்டே நின்றாள்.

“மிஸ், நான் நெசமாவே ஜெயிச்சேனா? எங்க கிளாஸ்ல யாரும் என்கூடச் சாப்பிட மாட்டேங்காங்க.”

“நீதான் ஜெயிச்ச. போய்ப் படி.”

“நீங்க சொன்னாச் சரி மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கைப்பந்துகளுக்குக் காற்றடித்தேன். காற்று நிறைந்திருந்த பந்துக்கும் அடித்தேன். ஒன்று வெடித்தது.

ஜூலை 19, புதன்

பொய்ப் பிரசாரம் செய்ததாகத் தங்கமாரிக்கு நோட்டீஸ். விசாரணை முடியும்வரை வகுப்புக்குள் போகக் கூடாது. ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கிறார்கள். நான் நாலு தடவை அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. நாலு தடவையும் எழுந்து நின்று, “வணக்கம் மிஸ்” என்றாள். அந்த வணக்கத்தை யாராவது நிறுத்தினால் தேவலை.

ஜூலை 21, வெள்ளி

விசாரணை. பதினொன்றரை மணிக்குத் தாளாளர் அறையில். தாளாளர், மேடம், நான். எதிரே தங்கமாரியும் அவள் அம்மா அய்யம்மாளும். அந்தப் பெண்பிள்ளை வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். கைவிரலெல்லாம் தீக்குச்சி மருந்து. நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

“உம் மக எங்க பள்ளிக்கூடத்துப் பேரக் கெடுத்துட்டா. ஒரு மன்னிப்புக் கடிதம். அவ்வளவுதான். இல்லன்னா டி.சி.ய வாங்கிக்கிடுங்க” என்றார் தாளாளர்.

அய்யம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். “டீச்சரம்மா, நீங்களாவது சொல்லுங்க. மொதலாளி மககூடப் போயி மோதலாமா? நேத்தே சூப்பர்வைசர் கூப்புட்டுக் கேட்டாரு. எனக்குக் கையி காலெல்லாம் ஆடிப்போச்சு.” பிறகு மகள் தோளைப் பிடித்து அழுத்தினாள். “எழுதிக் குடுத்துரு தாயி. கெட்ட கனவா நெனச்சுக்கோ. எழுது.”

மேடம் வெள்ளைத் தாளை நகர்த்தினார். “பேச்சியம்மா டீச்சர் சொல்லச் சொல்ல எழுது.”

தங்கமாரி பேனாவை எடுத்தாள். மைதானத்தில் ஃபவுல் வாங்கியபோது ரெஃப்ரியைப் பார்க்கிற மாதிரி என்னை நேராகப் பார்த்தாள்.

“எழுதுறேன் மிஸ். எங்கம்மாவுக்காக எழுதுறேன். ஆனா ஒண்ணு. நான் சொன்னது பொய்யின்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அப்படியே எழுதுறேன்.”

“சொல்லுங்க டீச்சர்” என்றார் தாளாளர்.

இந்த நோட்டில்கூட நான் எழுதாமல் வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று தங்கமாரிக்கு விழுந்தது. நூற்று இருபத்தொன்று அக்ஷிதாவுக்கு. “பெரிய வேலை ஒண்ணுமில்ல டீச்சர், பேரு ரெண்டையும் இடம் மாத்திச் சொன்னாப் போதும்” என்று தாளாளர் சொன்னார். மேடம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சரி என்றேன். ஒரு தடவைகூட மறுக்கவில்லை. மறுத்தேன், மிரட்டினார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மைதானம் என்று சொன்னதுமே என் மனதுக்குள் கோல் கம்பம் நட்டாயிற்று. அதுதான் நடந்தது.

அந்த அறையில் என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. “அவ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்” என்று ஆரம்பித்தது மட்டும் நினைவிருக்கிறது. கத்தித்தான் சொல்லியிருக்கிறேன். வராந்தாவில் நின்ற பியூன், கிளார்க், கட்டணம் கேட்டு வந்திருந்த இரண்டு பெற்றோர் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

தாளாளர் முகம் கறுத்துப்போனது. மேடம், “டீச்சருக்கு ஒடம்பு சரியில்ல” என்று யாருக்கோ சொன்னார்.

தங்கமாரி பேனாவை மூடி மேசையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. “வாம்மா” என்று அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஜூலை 22, சனி

சுபத்ராவிடம் சொன்னேன். “அப்ப என்னைய எதுக்கு அடிச்ச?” என்று கேட்டாள். துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன்.

வீட்டுக்காரர், “போயிட்டுப் போவுது, வேற வேல பாத்துக்கிடலாம்” என்றார். அந்த ‘போயிட்டுப் போவுது’வைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். எது போனால் போகிறது? இது ஒன்றும் தக்காளி இல்லை.

ஜூலை 24, திங்கள்

தாளாளர் ஒரு தாளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். ‘வாக்கு எண்ணிக்கையின்போது எனது கவனக்குறைவால் ஏற்பட்ட பிழை’ என்று தொடங்கியது. கையெழுத்துப் போட்டால் வேலையும் இருக்கும், சுபத்ராவும் இங்கேயே படிக்கலாம். தங்கமாரி மேல் நடவடிக்கை இல்லை. தலைவி பதவியை இந்த ஆண்டு யாருக்கும் இல்லை என்று ரத்து செய்துவிடுவார்களாம்.

“எல்லாருக்கும் நல்லதுதானே டீச்சர்? எண்ணும்போது தப்பு விழாதா?”

“நான் தப்பா எண்ணல சார். சரியா எண்ணித் தப்பாச் சொன்னேன்.”

தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் என் கையாலேயே நடந்ததை எழுதினேன். யார் சொன்னார், யார் கேட்டார், யார் எரித்தார். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். இன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் தனியாக நின்றது. மூன்று நகல் எடுத்தேன். ஒன்று மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போயிற்று.

சாயங்காலமே வேலைநீக்க உத்தரவு. காரணம் என்கிற இடத்தில் ‘நிர்வாகக் காரணங்கள்’. காரணத்தைக்கூட எழுதத் துணிவில்லாதவர்கள் பிள்ளைகளுக்குத் தைரியம் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். பாடம் ஏழு. நான் அதுவரை நடத்தவில்லை.

ஜூலை 26, புதன்

சுபத்ராவை அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தேன். வேப்பமரத்தடியில் பெரிய மைதானம். அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் மூச்சு விட முடிந்தது.

வரும் வழியில் மார்க்கெட்டில் அய்யம்மாள். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். வேறு தீப்பெட்டி ஆபீஸில் நாளையிலிருந்து போகிறாளாம், ரெண்டு பஸ் மாறி. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

“எம் மக தலைவியா வரணும்னு நான் ஒங்ககிட்டக் கேட்டனா டீச்சரம்மா? ஜெயிச்சா ஜெயிச்சான்னு சொல்லியிருந்தா, மொதலாளி ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கிட்டு விட்டுருப்பாரு. இப்ப ஊரே சிரிக்கவும் அவருக்கு ரோசம். பொய்யும் நீங்கதான் சொல்லுதீக, நெசமும் நீங்கதான் சொல்லுதீக. நடுவுல கெடந்து முழிச்சது நாங்க.”

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தை தப்பில்லை.

ஜூலை 27, வியாழன்

அக்ஷிதா போன் செய்தாள். அழுதாள். “நான் உங்ககிட்ட வந்து கேட்டேன்லா மிஸ். தோத்துட்டேன்னு சொல்லியிருந்தா என்ன மிஸ் ஆயிருக்கும்? தோத்தா எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.” நான் பேசுவதற்குள் வைத்துவிட்டாள்.

ஜூலை 28, வெள்ளி

ஐந்து மணிக்குத் தங்கமாரி வீட்டுக்கு வந்தாள். யூனிஃபார்மோடு, சைக்கிளில். ஊரே பேச ஆரம்பித்ததும் அவளை மறுபடி வகுப்புக்குள் விட்டுவிட்டார்களாம். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

“தேங்க்ஸ் சொல்ல வரல மிஸ்.”

“தெரியும்.”

“அன்னைக்கு நீங்க அறிவிச்சப்ப எல்லாரும் சும்மா நின்னாங்க. நான்தான் மொதல்ல கை தட்டுனேன். நான் தட்டவும்தான் அவங்க நம்புனாங்க. ஒங்க பொய்ய என் கையத் தட்ட வச்சு நெசமாக்கிட்டீங்க. அத நெனச்சா எனக்கு இப்பவும் சோறு எறங்கல.”

நின்றுகொண்டே இருந்தேன். உட்கார் என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லாத மாதிரி இருந்தது.

“இப்ப எதுக்கு வந்தேன்னா, ஆறாப்புப் பிள்ளைங்க. அதுங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. தேர்தல ரத்து பண்ணியாச்சுன்னு மட்டும் நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கு. பி.டி. மிஸ்ஸுக்கு எண்ணத் தெரியலையாம்னு சிரிக்குதுங்க. ஒண்ணு ரெண்டு இனிமே ஓட்டே போட மாட்டோம்ங்குது. நான் சொன்னா, நீ தோத்ததுனால சொல்லுதன்னுதுங்க. நீங்க வந்து சொல்லணும்.”

“என்னைய உள்ள விட மாட்டாங்கட்டி.”

“வாசலுக்கு வெளிய ரோடு யாருக்கும் சொந்தமில்ல மிஸ்.”

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வருகிறேன் என்று நான் சொல்வதற்குக்கூட நிற்கவில்லை. கேட்டுவிட்டுப் போகவில்லை அவள். சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜூலை 31, திங்கள்

நாலே கால் மணிக்குப் பள்ளி வாசலில் போய் நின்றேன். வரிசையாக ஆட்டோ, வேன், மாங்காய் வண்டி, பிள்ளைகளை அழைத்துப் போக வந்த தாய் தகப்பன்மார். காவலாளி சுப்பையா ஓடி வந்தார். “டீச்சர், இங்கன நிக்காதீங்க, எனக்கு வேல போயிரும்.” “கேட்டுக்கு உள்ள நில்லுங்கண்ணே, நான் வெளிய நிக்கேன். ஒங்களுக்கு ஒண்ணும் வராது” என்றேன்.

சின்ன வகுப்புகள்தான் முதலில் வெளியே வரும். வந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிலதுகள் சிரித்தன.

“ஆறாப்பு, ஏழாப்பு! நில்லுங்க!”

டிரில்லுக்குக் கூப்பிடுகிற குரல். நின்றார்கள். பெற்றோர்களும் நின்றார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் எஞ்சினை அணைத்தார்.

“நான் பேச்சியம்மாள். ஒங்க தேர்தல நடத்துனது நான்தான். எனக்கு எண்ணத் தெரியாமப் போகல. நீங்க போட்ட ஓட்ட நல்லா எண்ணுனேன். தங்கமாரி இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு. அக்ஷிதா நூத்தி இருபத்தொண்ணு. அத மாத்திச் சொன்னேன். மாத்தச் சொன்னாங்க, நானும் எனக்கு ஒரு கிரவுண்டு கெடைக்கும்னு மாத்திச் சொன்னேன். அக்ஷிதாவுக்கு எதுவும் தெரியாது. அவள யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. நீங்க ஒழுங்காத்தான் ஓட்டுப் போட்டீங்க. தப்பு ஒங்க பேருல இல்ல.”

மாடி வராந்தாவில் இமெல்டா மேடம் நிற்பது தெரிந்தது. இறங்கி வரவில்லை. உள்ளேயும் போகவில்லை. கேட்டுக்குப் பின்னால் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தங்கமாரி கைகட்டி நின்றாள்.

முன்வரிசையில் ஒரு சின்னது, என் இடுப்பு உயரம்கூட இல்லை, புத்தகப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டது. “அப்ப நான் எழுதிப் போட்ட சீட்டு எங்க மிஸ்?”

“எரிச்சுட்டேன்.”

“எல்லாருதையுமா?”

“எல்லாருதையும்.”

அது அழவில்லை. பின்னால் நின்ற அதன் அப்பா, “வா, போகலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தார். கையை உதறிவிட்டு என்னை முறைத்தது. என்னை இதுவரை எந்த ரெஃப்ரியும், எந்த அதிகாரியும் அப்படி முறைத்ததில்லை.

“எதுக்கு எரிச்சீங்க? எனக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க.”

சுப்பையா கேட்டைச் சாத்தவில்லை. நான் தரையில் குந்தி, அதன் கண்ணுக்கு நேராக என் முகத்தை வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.